காரின் மேற்சாயமும் அதன் பாதுகாப்பும்



நம் தோட்டத்துக் குடும்பங்களில் ஒரு கார் வாங்குவது சாதாரணக் காரியமல்ல. பல குடும்பங்களில் குடியிருக்கும் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். ஆகவே நம் பெயரில் வாங்கும் முதல் பெரிய சொத்து அநேகமாக ஒரு காராகத்தான் இருக்கும். இந்நாட்டில் கார்க் கடனை ஒன்பது ஆண்டுகள் வரை தவணையாகக் கட்டலாம். ஒன்பது ஆண்டுகள் என்றால், கார் வந்த ஆண்டில் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை மூன்றாம் படிவத்தை முடித்துவிடும். கடைசித் தவணையைக் கட்டி முடிக்கிற அன்று அந்தக் கார் எப்படியிருக்கும்? பானெட்டு வெளுத்து, கூரையில் சாயம் செதில் செதிலாக உரிந்து, கதவுக்குக் கீழே துரு பிடித்து நின்றால், பழைய கார் வியாபாரி அதைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு விலையைப் பாதியாக்குவார். இஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அவர் கண்ணுக்கு முதலில் படுவது சாயம்தான்.

எனவே காரைப் பளபளப்பாக வைத்துக்கொள்வது வெறும் பகட்டு என்று நினைத்துவிட வேண்டாம். நாம் பேசப்போவது கழுவுதல், போலிஷ் போடுதல், மெழுகு பூசுதல் என்ற மூன்று வேலைகளைப் பற்றி. கார் இல்லாத நேயர்கள் வானொலியை மூடிவிட வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தொட்டியும் பெரும்பாலும் இதே சாயம் பூசிய இரும்புதான்.

முதலில் அந்தச் சாயத்தை அறிந்துகொள்வோம். அதன் அடியில் இருப்பது இரும்புத் தகடு. இரும்பு மண்ணிலிருந்து வந்தது. மண்ணாகிவிடவே எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும். பிறையில் 1967ஆம் ஆண்டில் மலாயாவாத்தா எஃகு ஆலை வேலையைத் தொடங்கியபோது, நம் தோட்டங்களில் வெட்டித் தள்ளிய கிழட்டு ரப்பர் மரங்களைக் கரியாக்கி, அந்தக் கரியின் நெருப்பிலேதான் இரும்பை உருக்கினார்கள். தாதுவில் இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் பிராணவாயுவைக் கரி பறித்துக்கொள்கிறது. அப்போதுதான் இரும்பு தனியே கிடைக்கிறது. நெருப்பிலே பறித்ததை ஈரக்காற்றும் நீரும் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. அதைத்தான் துரு என்கிறோம். அந்த ஈரத்துக்கும் இரும்புக்கும் இடையில் நிற்கிற ஒரே சுவர் சாயம்.

அந்தச் சுவர் எவ்வளவு தடிப்பு என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். நம் தலைமுடி ஒன்று ஏறத்தாழ 70 மைக்ரான் இருக்கும். காரின் சாயம் முழுவதும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். இரண்டு தலைமுடி தடிப்புதான். இதற்குள் நான்கு அடுக்கு. அடியில் துரு தடுக்கும் பூச்சு, அதன்மேல் அண்டர்கோட்டு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு தெளிவான பூச்சு. பட்டறைக்காரர்கள் இதைக் ‘கிளியர்’ என்பார்கள். காரின் பளபளப்பு முழுவதும் இந்தக் கிளியரில்தான் இருக்கிறது. அதன் தடிப்பு ஏறத்தாழ 40 அல்லது 50 மைக்ரான். ஒரு தலைமுடிகூட இல்லை. இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டால், இனிச் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் காரணம் தானே விளங்கும்.

இந்த மெல்லிய தோலுக்குப் பினாங்கில் பகை அதிகம். இம்மாநிலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகையில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முதல் பாதியிலும் நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கு நேரே வந்து நிற்கும். மற்ற மாதங்களிலும் வெயிலுக்குக் குறைவில்லை. வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் புற ஊதாக் கதிர்கள்தாம் கிளியரைச் சிறிது சிறிதாக நொறுக்குகின்றன. பானெட்டும் கூரையும் முதலில் வெளுத்து, கதவுகள் பிந்தி வெளுப்பதற்குக் காரணம் இதுவே. படுத்திருக்கும் தகடு வெயிலை நேராக வாங்குகிறது. நிற்கும் தகடு சாய்வாக வாங்குகிறது.

அடுத்தது கடல். 1985ஆம் ஆண்டில் பாலம் திறக்கும் வரை தீவுக்குக் காரில் போக வேண்டுமானால் பட்டர்வொர்த் படகை விட்டால் வேறு வழியில்லை. நம் நாட்டின் முதல் கார் புரோட்டோன் சாகா வந்ததும் அதே ஆண்டில்தான். 2020ஆம் ஆண்டு முடிவோடு கார்களை ஏற்றிய படகுச் சேவை நின்றுவிட்டது. இப்போது பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாலம், 2014இல் பத்து காவானிலிருந்து திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் ஆகிய இரண்டின் மீதும் கார்கள் போகின்றன. படகில் போனாலும் பாலத்தில் போனாலும் உப்புக் காற்றிலிருந்து தப்ப முடியாது. ஜார்ஜ்டவுனில் வெல்ட் கீ கரையோரமாக ஒரு நாள் முழுவதும் நிறுத்திய காரின் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். உப்பு தானே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சாயத்தில் கல் பட்டுத் தெறித்த சிறு புள்ளி இருந்தால் போதும், அதன் வழியாகத் துரு உள்ளே நுழைந்துவிடும்.

பறவை எச்சத்தைப் பற்றித் தாய்மார்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் பட்டால் என்ன ஆகும் என்று தெரியும். எச்சத்தில் அமிலம் உண்டு. பொடி மண்ணும் உண்டு. வெயிலில் காய்ந்தால் ஓரிரு நாளிலேயே கிளியரில் வடு விழுந்துவிடும். நிழலுக்கு ஆசைப்பட்டுத் தூங்குமூஞ்சி மரத்தடியில் காரை விட்டால், மேலே இருக்கும் பூச்சிகள் சொட்டும் பசையும் சேர்ந்துகொள்ளும். 1997இலும் 2015இலும் 2019இலும் வந்ததுபோன்ற புகைமூட்டக் காலங்களில் மெல்லிய சாம்பல் படியும்.

தோட்டத்துக் காருக்கு இன்னும் சில தனிச் சோதனைகள். செம்மண் சாலையின் சேறு சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் அப்பிக்கொண்டு, வெளியே எல்லாம் காய்ந்த பிறகும் உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். ரப்பர்ப் பால் தெறித்தால் உடனே நீரால் கழுவிவிடலாம். காய்ந்துவிட்டால் விரல் நுனியால் மெதுவாக உருட்டி எடுக்க வேண்டும், பிளேடு போடக்கூடாது. எல்லாவற்றிலும் கெட்டது உரம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஒரு வகை உப்புதான். அந்த மூட்டையைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிவந்து, சிந்தியதைப் பெருக்காமல் விட்டால், தரைத்தகடு அடியிலிருந்து அரித்துக்கொண்டு வரும். மேலே எவ்வளவு மெழுகு போட்டும் பயனில்லை.

இவ்வளவு பகைவர்களைச் சொன்னோம். ஆனால் காரின் பளபளப்பை அதிகமாகக் கெடுப்பது இவற்றில் எதுவுமல்ல. நம் கையில் இருக்கும் துணிதான். ஒரு கறுப்பு நிறக் காரை மாலை வெயிலில் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல ஆயிரம் மெல்லிய கீறல்கள் வட்டமாகத் தெரியும். அவை வெயில் போட்ட கீறல்கள் அல்ல. தூசி படிந்த காரை உலர்ந்த துணியாலோ கோழி இறகுத் துடைப்பத்தாலோ தினமும் துடைத்தவர் போட்டவை. தூசி என்பது பொடியாக அரைத்த கல். அதன்மேல் துணியை வைத்து இழுப்பதும், உப்புத்தாளை வைத்து இழுப்பதும் ஒன்றே, வேகத்தில்தான் வித்தியாசம். காரைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று காலையும் மாலையும் துடைப்பவரின் காரைவிட, வாரம் ஒருமுறை ஒழுங்காகக் கழுவுபவரின் கார் அதிக காலம் பளபளக்கும்.

அப்படியானால் எப்படிக் கழுவுவது?

காரை நிழலில் நிறுத்துங்கள். பானெட்டு சுடுமானால் ஆறும்வரை காத்திருங்கள். சூடான தகட்டில் சவர்க்கார நீர் நொடியில் காய்ந்து கறையாகிவிடும். காலை ஏழு மணியும் மாலை ஆறு மணியும் நல்ல நேரம். முதலில் வெறும் நீரை மேலிருந்து கீழாக ஊற்றி, ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் மண்ணை எல்லாம் கையே படாமல் ஓடவிட வேண்டும். இந்த ஒன்றைப் பொறுமையாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

பிறகு இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் காருக்கென்று விற்கும் ஷாம்பு கலந்த நீர். மற்றதில் வெறும் நீர். துணியைச் சவர்க்கார நீரில் நனைத்துக் காரில் ஓரிடத்தைத் துடைத்தவுடன், அதை மறுபடி அதே வாளியில் முக்காமல், வெறும் நீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் சவர்க்கார வாளிக்குக் கொண்டுபோக வேண்டும். காரிலிருந்து எடுத்த மண் அந்த இரண்டாவது வாளியின் அடியிலேயே தங்கிவிடும். ஒரே வாளியில் கழுவுகிறவர் கூரையிலிருந்து எடுத்த மண்ணைக் கதவுக்குப் பூசிக்கொண்டிருக்கிறார். கூரையில் தொடங்கி, கண்ணாடி, பானெட்டு, கதவின் மேல்பாதி என்று இறங்கி வாருங்கள். கதவின் கீழ்ப்பகுதி கடைசி. சக்கரத்துக்குத் தனித் துணி, தனி வாளி. அந்தத் துணி ஒருபோதும் மேலே வரக்கூடாது. கையை வட்டமாகச் சுழற்றாமல் நேர்க்கோட்டில் இழுப்பது நல்லது.

பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைப் போடலாமா என்று பல வீடுகளில் கேட்பார்கள். அது எண்ணெய்ப் பசையை எடுப்பதற்காகச் செய்தது. காரின் மேலிருக்கும் மெழுகும் அதற்கு எண்ணெய்ப் பசைதான், அதையும் எடுத்துவிடும். துணி துவைக்கும் தூள் இன்னும் காரமானது. தேங்காய் நார், பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பஞ்சு இரண்டையும் கார் நிற்கும் பக்கமே கொண்டுபோக வேண்டாம். துடைப்பதற்கு மைக்ரோபைபர் என்று சொல்லும் மெல்லிழைத் துணிதான் ஏற்றது. அதன் இழைகள் மண்துகளை உள்ளே வாங்கிக்கொள்ளும். பழைய சட்டையைக் கிழித்துத் துடைப்பதானால் பொத்தானையும் தையல் ஓரத்தையும் முதலில் வெட்டிவிடுங்கள்.

நீரைத் தானாகக் காயவிடாதீர்கள். ஒவ்வொரு துளியும் காய்ந்தால் ஒரு வளையத்தை விட்டுப்போகும். பெரிய துணியொன்றைப் பரப்பி மெதுவாக இழுத்தால் போதும். கதவைத் திறந்து அதன் அடிவிளிம்பையும் பாருங்கள். அங்கே நீர் வடிய இரண்டு மூன்று சிறு துவாரங்கள் இருக்கும். மண் அடைத்துக்கொண்டால் மழைநீர் கதவுக்குள்ளேயே தேங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். ஓர் ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் தீர்ந்தது. இதைக் காசு வாங்கிக்கொண்டு கழுவும் கடைகளில் யாரும் செய்வதில்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி மூடா ஆறு ஒன்றிலிருந்தே வருகிறது. 2024 ஜனவரியில் பழுது பார்ப்பதற்காகச் சில நாள்கள் நீர் நின்றபோது அந்த ஆற்றின் அருமை எல்லா வீட்டுக்கும் தெரிந்தது. ரப்பர்க் குழாயைத் திறந்துவிட்டுக் காரைச் சுற்றி நடப்பதைவிட இரண்டு வாளி முறைக்கு எவ்வளவோ குறைவான நீர் போதும். மழை பெய்து முடிந்தவுடன் கழுவினால் முதல் அலசலை மழையே செய்திருக்கும்.

ஆயுத பூசை நாளில் காருக்குச் சந்தனம், குங்குமம், திருநீறு இடுகிறோம். இடுங்கள், ஆனால் பானெட்டில் இடுவதைவிட முன்கண்ணாடியின் ஓரத்தில் இட்டால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. மறுநாள் உலர்ந்த துணியால் தட்டாமல் நீரூற்றிக் கழுவ வேண்டும். திருநீறும் ஒரு பொடிதானே. சக்கரத்தில் நசுக்கிய எலுமிச்சை மட்கார்டில் தெறித்திருக்கும், அது அமிலம். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ரதத்துக்கு முன் தேங்காய் உடைபடும் தெருவில் காரை நிறுத்தினால், இளநீரும் சில்லும் பட்டே தீரும். அன்றைக்கு வேறு தெருவில் நிறுத்திவிட்டு நடந்து போவதுதான் எங்கள் யோசனை.

கழுவித் துடைத்த பிறகு, கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுப் பானெட்டின் மேல் லேசாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் இப்போது மணல் போல நறநறக்கும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்தூளும், சாலைத் தாரும், தொழிற்சாலைப் பகுதிகளின் தூசியும் சாயத்தில் பதிந்து உட்கார்ந்திருக்கின்றன. கழுவினால் போகாது. இதற்கென்று ஒரு வகைக் களிமண் கட்டி விற்கிறார்கள். நன்றாக நனைந்த தகட்டின் மேல் அதை அழுத்தாமல் வழுக்கவிட்டால் அந்தத் துகள்களைப் பிடுங்கிக்கொள்ளும். கட்டி கீழே விழுந்துவிட்டால் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு எறிந்துவிட வேண்டும். தரையின் மணல் அதில் ஒட்டியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

இனிப் போலிஷ். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். போலிஷும் மெழுகும் ஒன்று என்று நினைக்கிறார்கள். இரண்டும் நேர் எதிரானவை. மெழுகு, சாயத்தின் மேல் ஒன்றைச் சேர்க்கிறது. போலிஷ், சாயத்திலிருந்து ஒன்றை எடுக்கிறது. போலிஷில் கண்ணுக்குத் தெரியாத பொடி உண்டு; அது கிளியரைச் சீவி, கீறலின் இரண்டு கரைகளையும் பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகிறது. அதனால்தான் கீறல் மறைகிறது. பூசை அறையிலுள்ள குத்துவிளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். புளி போட்டுத் துலக்கும்போதெல்லாம் பித்தளை ஓர் இம்மி தேய்கிறது; பாட்டி காலத்து விளக்கில் பூவேலை மழுங்கியிருப்பது அதனால்தான். விளக்கு தடிப்பானது, மூன்று தலைமுறைக்குத் தாங்கும். கிளியர் ஒரு தலைமுடிகூட இல்லை.

பால் மரம் சீவிய அனுபவமுள்ளவர்களுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லலாம். நல்ல கை என்பது என்ன? பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். பால் வர வேண்டும், மரத்தில் காயம் விழக்கூடாது. உளி ஆழமாக இறங்கிவிட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே சீவ முடியாது. போலிஷும் அதே கைவேலை. ஒரேயொரு வித்தியாசம். மரத்துக்குப் பட்டை சில ஆண்டுகளில் திரும்ப வளர்ந்துவிடும். காருக்கு வளராது.

ஆகவே போலிஷ் போடும் முன் பார்க்க வேண்டியவை சில. கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அது ஆழமான கீறல். போலிஷால் போகாது, போக்க முயன்றால் கிளியர்தான் போகும். அடுத்து, மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது போலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் அது கிளியர் இல்லாத பழைய வகைச் சாயம். பழைய கார்களில் இப்படி இருக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் அளவோடு தேய்க்க வேண்டும். நிறம் ஏறாவிட்டால் நீங்கள் தொடுவது கிளியர்.

கடையில் காம்பவுண்டு என்ற சொரசொரப்பான வகையும் உண்டு, நைசான போலிஷும் உண்டு. தொடக்கக்காரர்கள் நைசானதையே வாங்க வேண்டும். அதனால் ஆகாவிட்டால்தான் அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம். இரண்டடிக்கு இரண்டடி அளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்பாஞ்சில் நாலு சொட்டுப் போலிஷ் இட்டு, கையை மிதமாக அழுத்தித் தேய்த்து, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்த பிறகே அடுத்த இடத்துக்குப் போங்கள். கதவின் விளிம்பு, பானெட்டின் மடிப்பு, கூர்மையான வளைவு ஆகிய இடங்களில் சாயம் இயற்கையிலேயே மெலிந்திருக்கும். அங்கே தேய்க்கவே வேண்டாம். கறுப்புப் பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைக் கறை விழும். மின்சார இயந்திரம் வேலையைச் சுருக்கும்தான். ஆனால் ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் பழைய வகை இயந்திரம், பழகாத கையில் சில நொடியிலேயே சாயத்தை எரித்துவிடும். சுழன்றுகொண்டே ஆடும் வகை அவ்வளவு ஆபத்தில்லை. ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போலிஷ் வேண்டியதில்லை. ஒழுங்காகக் கழுவினால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைகூடப் போதும்.

கூரையில் வெள்ளை வெள்ளையாகச் செதில் உரிந்திருக்கும் கார்களை நம் சாலைகளில் நிறையப் பார்க்கிறோம். அது கிளியர் செத்துப்போன நிலை. எந்தப் போலிஷும் எந்த மெழுகும் அதைத் திருப்பித் தராது. தருவதாகச் சொல்லி விற்கும் புட்டிகளை வாங்காதீர்கள். அந்தப் பாகத்துக்கு மட்டும் மறுபடி சாயம் அடிப்பதே வழி. தேங்காய் எண்ணெய் அல்லது டீசல் தடவி மினுக்குவதும் வேண்டாம். ஒரு நாள் மினுக்கும். மறுநாள் அதன்மேல் தூசி எல்லாம் ஒட்டும். டீசல் கதவோர ரப்பரையும் ஊதவைத்துக் கெடுக்கும்.

மெழுகுக்கு வருவோம். பெயர்பெற்ற கார் மெழுகு கர்னாபா என்ற மரத்திலிருந்து வருகிறது. அது பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு வகைப் பனை. அங்கே வெயில் கடுமை, மழை குறைவு. தன் ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ள அந்த மரம் ஓலையின் மேல் தானே மெழுகைப் பூசிக்கொள்கிறது. தொழிலாளர்கள் ஓலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, தட்டி, உதிரும் பொடியைச் சேர்த்து உருக்குகிறார்கள். மேலே நீண்ட கழியில் கத்தி கட்டி ஓலை வெட்டும் வேலை எப்படியிருக்கும் என்று செம்பனைத் தோட்டத்தாருக்குச் சொல்ல வேண்டுமா? நம் ரப்பர் மரமும் பிரேசில்காரன்தான். 1876இல் அங்கிருந்து இலண்டனுக்குக் கொண்டுபோன விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. கர்னாபாப் பனை அங்கேயே நின்றுவிட்டது. அதன் மெழுகு மட்டும் டப்பாவில் வருகிறது.

இந்த மெழுகு 80 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். அதனால்தான் நம் வெயிலிலும் நிற்கிறது. போடுவது எளிது. கழுவி உலர்ந்த காரில், நிழலில், ஸ்பாஞ்சால் மிக மிக மெல்லிசாகப் பூசுங்கள். ரொட்டியில் மார்ஜரின் தடவுவதுபோலத் தடவினால் பாதிக்கு மேல் துணிக்குத்தான் போகும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை விட்டு, வெண்படலமாக வந்ததும் சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். நம் வெயிலுக்கும் மழைக்கும் இது ஒன்றரை மாதம், இரண்டு மாதம் தாங்கும். மழைநீர் முத்து முத்தாக நிற்காமல் தட்டையாகப் பரவத் தொடங்கினால் மெழுகு போய்விட்டது என்று பொருள். செயற்கையாகச் செய்த பூச்சு நாலைந்து மாதம் தாங்கும். அழகில் சிறிது குறைவு என்பார்கள், எங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. செராமிக் என்று ஒன்றைப் பெருவிலைக்குப் போடுகிறார்கள். அது மணலில் இருக்கும் சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட பூச்சு. ஆண்டுக் கணக்கில் நிற்கும். ஆனால் அதைப் போட்ட காரைக் கழுவவே வேண்டாம், கீறவே கீறாது என்று சொன்னால் நம்பாதீர்கள். கல் பட்டால் அதுவும் தெறிக்கும். மாத வருமானத்தில் கணக்குப் பார்த்து வாழும் குடும்பத்துக்கு ஒரு டப்பா மெழுகும் இரண்டு வாளியும் போதும்.

கடைசியாக, நம் தம்பிமாரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து காவானைப் போலப் பல தோட்டங்கள் வீடமைப்பு இடங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. படிப்பை விட்டுவிட்ட பிள்ளைகள் சிலர் பட்டர்வொர்த்திலும் ஜார்ஜ்டவுனிலும் கார் கழுவும் கடைகளில் நிற்கிறார்கள். கழுவுகிறவன் நாள் கூலிக்காரன். போலிஷ் போடத் தெரிந்தவன் தொழிலாளி. கை பழகினால் இது மதிப்புள்ள தொழில்தான். பட்டறையில் தூக்கிப்போட்ட பழைய பானெட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் பழகட்டும். பிறர் காரில் பழகக்கூடாது.

ஆனால் சக்கரத்தைப் பளிச்சென்று ஆக்கச் சில கடைகளில் பயன்படுத்தும் அமிலத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சிலவற்றில் ஐதரோபுளோரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்டவுடன் எரியாமல்கூட இருக்கும். மணிக்கணக்கில் உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். உயிருக்கே ஆபத்து உண்டு. நம் தாய்மார் முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு பாராகுவாட் தெளித்த காலம் நமக்கு மறக்கவில்லை. அந்த மருந்தை இந்நாட்டில் முற்றாகத் தடை செய்ய 2020 வரை ஆனது. ஆகவே பெயர் ஒட்டாத புட்டியிலிருந்து எதையும் ஊற்ற வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ரப்பர்க் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, புட்டியையோ அதன் மேல் ஒட்டிய பெயர்த்தாளையோ எடுத்துக்கொண்டு தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் சக்கரம் கழுவ அதெல்லாம் தேவையே இல்லை. அதே ஷாம்பு நீரும் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷும் போதும்.

வேலை முடிந்ததும் துணிகளை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள். துணி மிருதுவாக்கும் திரவம் போட்டால் இழைகளின் உறிஞ்சும் சக்தி போய்விடும். நிழலில் உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். சக்கரத் துணியின் ஒரு மூலையில் முடிச்சுப் போட்டு வைத்தால், அடுத்த வாரம் பிள்ளைகள் எடுத்தாலும் மாறிப்போகாது.